பாட்டி வீட்டில் நாலு விதமான பழைய பிளக் பாயிண்ட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழற்ற வேண்டும்?

குவீன்ஸ்டவுன் பேரன்

வணக்கம். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் பாட்டி இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைச் சீரமைக்கப் போகிறோம். அறுபதுகளின் கடைசியில் தாத்தா வாங்கிய வீடு. இடையில் சமையலறையை ஒருமுறை மாற்றியதோடு சரி, மற்ற அறைகளில் பெரிதாகக் கை வைக்கவில்லை. போன வாரம் படுக்கையறை அலமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு பிளக் பாயிண்ட், மூன்று உருண்டை ஓட்டைகளோடு இருந்தது. ஜன்னல் ஓரத்தில் அதே வடிவத்தில் இன்னும் பெரிதாக, வெள்ளையில் ஒன்று. கூடத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கும் சதுர ஓட்டை சாக்கெட். நான்காவதாக, கூடத்து வாசல்படிக்கு மேலே சின்னதாக ஒரு பெட்டி. அதிலிருந்து மெல்லிய வயர் வெளியே போகிறது, மேலே பல முறை சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

இது தவிர தாத்தாவின் பிஸ்கட் டின் ஒன்று. அதில் நிறைய அடாப்டர். பல்பு ஹோல்டரில் மாட்டுகிற மாதிரி ஒன்று, பெரிய உருண்டைப் பின்னிலிருந்து சின்னதுக்கு மாற்றுவது ஒன்று, மூன்று பக்கமும் ஓட்டை உள்ளது ஒன்று.

ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்கிறார். பாட்டியோ, தலைமாட்டில் இருக்கும் பழுப்புப் பாயிண்டில்தான் தன் மேசை மின்விசிறியும் ரேடியோவும் ஓடின, அதை மட்டும் தொடாதே என்கிறார். விசிறியும் ரேடியோவும் இன்னும் இருக்கின்றன. பாட்டியின் மனம் நோகாமல், ஆபத்தும் இல்லாமல் என்ன செய்யலாம்? இவை எல்லாம் எந்தக் காலத்தவை?

---

பழைய வயர்மேன்

தம்பி, எழுபதுகளிலிருந்து இந்த ஊரில் வயரிங் வேலை செய்தவன் நான். இப்போது ஓய்வு.

படுக்கையறையில் இருப்பது 5 ஆம்ப் உருண்டைப் பின் சாக்கெட். விசிறி, ரேடியோ, மேசை விளக்குக்கு. ஜன்னல் ஓரத்தில் பெரியது 15 ஆம்ப். அதை அந்தக் காலத்து மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏர்கானுக்கு இன்றைக்கும் இங்கே 15 ஆம்ப் உருண்டைப் பின் போடுகிறார்கள். பெட்டி ஏர்கான் வைக்க யாரோ பின்னாளில் போட்டதாக இருக்கும். வெள்ளை நிறம் என்பதால் அப்படித் தோன்றுகிறது.

சாக்கெட்டின் முகத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், பின்னால் இருக்கும் வயரைப் பாருங்கள். ரப்பர் உறை போட்ட பழைய வயராக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, முழுதும் மாற்ற வேண்டும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அந்த ரப்பர் காய்ந்து, விரலால் தொட்டாலே உதிரும். சாக்கெட்டைக் கழற்ற லேசாக இழுத்தாலே உள்ளே செம்பு வெளியே தெரியும். பிவிசி பிளாஸ்டிக் உறையாக இருந்தால் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்து எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பி. மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. பழைய வீடுகளில் எத்தனையோ சாக்கெட்டைத் திறந்திருக்கிறேன். மேல் ஓட்டைக்கு வயரே வந்திருக்காது, இல்லை வந்த வயர் பாதி வழியில் அறுந்திருக்கும். விசிறியும் ரேடியோவும் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. விசிறியின் இரும்பு உடம்பில் கரண்டு கசியும் அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, வீட்டுக்கு வரும் மின்சாரம் பிரியும் டிபி பெட்டியைத் திறந்து பாருங்கள். பீங்கான் பியூஸா, சுவிட்ச் மாதிரி பிரேக்கரா? ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா? அதுதான் ஆர்சிசிபி, கரண்டு கசிந்தால் உடனே அறுத்துவிடும் கருவி. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் அது இல்லாமல் இருக்கலாம், அந்த மாதத்தில்தான் புது வீடுகளுக்குக் கட்டாயமானது. பழைய வீடுகள் உட்பட எல்லா வீட்டுக்கும் 2025 ஜூலை 1 முதல் கட்டாயம். பாட்டி வீட்டில் இல்லையென்றால் சீரமைப்புக்குக் காத்திருக்காமல் முதலில் அதைப் போடுங்கள்.

சுவருக்குள் இருக்கும் எதையும் நீங்கள் திறக்க வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்கட்டும். உரிமம் உண்டா என்று எரிசக்திச் சந்தை ஆணையத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

---

ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்காரி

வாசல்படிக்கு மேலே இருக்கும் பெட்டி ரெடிஃபியூஷன் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். 1949இல் ஆரம்பித்த கம்பி வானொலி. வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை மாட்டி வைத்தார்கள், மாதச் சந்தா கட்ட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு சீன அம்மா கான்டனீஸ் கதை கேட்கும்போது சமையலை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். கேட்பவர் பக்கம் மின்சாரம் வேண்டியதில்லை, நிகழ்ச்சி கம்பியிலேயே வந்துவிடும். அதனால்தான் வயர் அவ்வளவு மெல்லியது.

டின்னில் இருக்கும் பல்பு ஹோல்டர் அடாப்டரைப் பற்றிச் சொல்கிறேன். நான் வளர்ந்தது கடைவீட்டு மாடியில். ஒரே மாடியைப் பலகை அடித்துப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டோம். எங்கள் அறைக்கு இருந்தது உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு பல்பு மட்டும். சுவரில் பாயிண்ட் கிடையாது. ஹோல்டரில் இரட்டை அடாப்டர் மாட்டி, ஒரு பக்கம் பல்பு, இன்னொரு பக்கம் இஸ்திரிப் பெட்டி. அம்மா துணி தேய்க்கும்போது வயர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டே இருக்கும். நிழலும் ஆடும். அப்பாவின் சட்டைக் காலரைக் கஞ்சி போட்டு அந்த வெளிச்சத்தில்தான் தேய்ப்பார்.

பல குடும்பத்துக்கும் ஒரே பியூஸ். ஒரு வீட்டில் இஸ்திரி, இன்னொரு வீட்டில் கெட்டில் என்றால் மாடி முழுக்க இருட்டு. கீழே கடைக்காரர் பியூஸ் கம்பி வாங்கி வைத்திருப்பார், அட்டையில் சுற்றியது. அது தீர்ந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பவர்களும் உண்டு. அந்த மாடியில் எத்தனை பிள்ளைகள் தூங்கினோம் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

தம்பி, அந்த ஹோல்டர் அடாப்டரைப் பாட்டி கையில் கொடுத்துவிடாதீர்கள். பழக்கம் விடாது, மாட்டிவிடுவார்.

---

அளவுகோல்

அக்கா சொன்னதில் ஒரு பொறியியல் செய்தி இருக்கிறது. பல்பு ஹோல்டருக்கு வருவது இரண்டே கம்பிகள், எர்த் கிடையாது. இரும்பு உடம்பு கொண்ட இஸ்திரிப் பெட்டியை அதில் மாட்டினால், உள்ளே ஒரு கம்பி நழுவி உடம்பைத் தொட்ட நொடியில் பெட்டி முழுவதும் 230 வோல்ட். பியூஸ் போகாது, ஏனென்றால் கரண்டு திரும்பிப் போக வழியில்லை. தேய்ப்பவர் ஈரத் தரையில் நின்றால் அவர்தான் வழி.

இந்த உருண்டைப் பின்கள் எந்தக் காலத்தவை என்று பேரன் கேட்டார். பிரிட்டிஷ் ஆட்சி, அதனால் பிரிட்டிஷ் தரநிலை. பிஎஸ் 546 என்ற எண்ணில் 1934இல் வெளியானது. அதில் 2, 5, 15, 30 ஆம்ப் என்று நான்கு அளவு. ஒன்றின் பிளக் இன்னொன்றில் நுழையாது. நீங்கள் ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம்: கீழே இருக்கும் இரண்டு பின்னும் சுமார் 5 மிமீ தடிமன் என்றால் 5 ஆம்ப். 7 மிமீ என்றால் 15 ஆம்ப்.

ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் டிபி பெட்டியிலிருந்து தனி வயர், தனி பியூஸ் என்பதுதான் மூல யோசனை. பிளக்குக்குள் பியூஸ் கிடையாது. 5 ஆம்ப் சாக்கெட்டின் வயரை 5 ஆம்ப் பியூஸ் காக்கும், 15 ஆம்ப்பை 15 காக்கும். கணக்கு ஒழுங்காக இருந்தவரை பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டில் சாமான் கூடியது, சாக்கெட் கூடவில்லை. அப்போது வந்தவைதான் பாட்டி டின்னில் இருக்கும் அடாப்டர்கள். பெரியதிலிருந்து சின்னதுக்கு மாற்றும் அந்த அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே பியூஸ் இல்லையென்றால், மேசை விளக்கின் மெல்லிய வயரை இப்போது காப்பது 15 ஆம்ப் பியூஸ். வயர் உருகித் தீப்பிடித்த பிறகும் அந்தப் பியூஸ் அசையாமல் இருக்கலாம். பழைய அடாப்டர்களில் நான் பயப்படுவது இதற்குத்தான், உடைந்த பேக்கலைட்டுக்கு (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) அல்ல.

இதற்கு விடையாக வந்ததுதான் இன்று நாம் பயன்படுத்தும் 13 ஆம்ப் சதுரப் பின், பிஎஸ் 1363, 1947இல். உலகப் போர் நடக்கும்போதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கு எப்படி மின்சாரம் கொடுப்பது என்று ஆராய இங்கிலாந்தில் ஒரு குழு அமைத்தார்கள். அதில் கேரலைன் ஹாஸ்லெட் என்ற மின்பொறியாளர் இருந்தார். பெண் பொறியாளர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். குழந்தை விரலும் ஆணியும் உள்ளே போகாதபடி ஓட்டையை மூடிவைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். நீளமான எர்த் பின் முதலில் நுழைந்து மூடியைத் தள்ளித் திறக்கும், பிறகுதான் மற்ற இரண்டும் போகும். பிளக்குக்குள்ளேயே பியூஸ். ஒரே அளவு, எல்லாச் சாமானுக்கும்.

பழுப்பு 5 ஆம்ப் சாக்கெட்டில் அந்த மூடி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழையவற்றில் பெரும்பாலும் இருக்காது. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வந்து போகும் வீடு என்றால் அது ஒன்றே கழற்றப் போதுமான காரணம்.

---

உட்லண்ட்ஸ்வாசி

எல்லாம் சரி. ஆனால் இந்த மூடி சமாச்சாரத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறோமோ? சாப்ஸ்டிக்கை மேல் ஓட்டையில் விட்டு மூடியைத் திறந்து, இரண்டு பின் பிளக்கைச் சொருகுவதை இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மரக்குச்சியில் ஷாக் அடிக்காது, மேல் ஓட்டை வெறும் எர்த். இந்தோனேசியாவின் பாத்தாமில் வாங்கிய பொருள் எல்லாம் அப்படியே ஓடுகின்றன. ஒன்றும் ஆகவில்லை.

---

அளவுகோல்

நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி, பலர் செய்வதுதான். பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

குச்சியால் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆபத்து குச்சியை எடுத்த பிறகு ஆரம்பிக்கிறது. ஐரோப்பிய மெல்லிய இரண்டு பின் பிளக்கின் பின் 4 மிமீ உருண்டை, 2.5 ஆம்ப் வரைதான் அதற்கு அனுமதி. நம் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் தட்டையான பின்னை இரு பக்கமும் பிடிக்கச் செய்யப்பட்டவை. உருண்டைப் பின்னை அவை ஒரு கோட்டில் மட்டும் தொடும். கரண்டு கூடினால் அந்தக் கோடு சூடாகும். ஹேர் டிரையரில் வரும் தடித்த பின் 4.8 மிமீ. 4 மிமீ தட்டைப் பின்னுக்கான இடைவெளியில் அதைத் திணித்தால் தகடு விரிந்துவிடும். பிறகு நீங்கள் சரியான மூன்று பின் பிளக்கைச் சொருகினாலும் தளர்வாகவே இருக்கும். அதே சாக்கெட்டில் நாளைக்குக் கெட்டில் போடுவீர்கள், பிளக் கருகும்.

இன்னொன்று பியூஸ். 13 ஆம்ப் சாக்கெட்டுகள் வளையமாக இணைக்கப்பட்டிருந்தால் டிபி பெட்டியில் அவற்றுக்கு 30 அல்லது 32 ஆம்ப் காவல். சாமானின் மெல்லிய வயரைக் காக்க வேண்டியது பிளக்குக்குள் இருக்கும் பியூஸ். இரண்டு பின் பிளக்கில் அது இல்லை. ஆக அந்த வயருக்கும் 32 ஆம்ப்புக்கும் நடுவே யாருமே இல்லை.

கைப்பேசி சார்ஜரில் இந்தச் சூடு பிரச்சினை வராது, அது இழுக்கும் கரண்டு மிகக் குறைவு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் குச்சி கையருகே இருந்தால் சார்ஜரோடு நிற்பதில்லை.

---

பழைய வயர்மேன்

நான் ஒன்று சேர்க்கிறேன். குச்சி உள்ளே முறிந்து நின்றுவிட்ட சாக்கெட்டுகளைப் பிரித்திருக்கிறேன். மூடி திறந்தபடியே கிடக்கும். அந்த வீட்டில் தவழும் பிள்ளை இருந்தது. பாதுகாப்பு முத்திரை போட்ட அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. பதிவு எண்ணோடு முத்திரை பொருளின் மேலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

---

உட்லண்ட்ஸ்வாசி

தகடு விரியும் விஷயம் எனக்குப் புதிது. எங்கள் சமையலறைச் சாக்கெட் ஒன்றில் பிளக் நிற்காமல் தொங்குகிறது. அதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும் போல. சார்ஜர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, ஆனால் ஹேர் டிரையருக்கு இன்றைக்கே அடாப்டர் வாங்குகிறேன்.

---

கோவை டு ஜூரோங்

இழையை விட்டு விலகுகிறேன் என்றால் மன்னிக்கவும். ஊரிலிருந்து கிரைண்டரும் மிக்ஸியும் கொண்டுவந்தோம். இரண்டிலும் உருண்டைப் பின்தான், பேரன் பாட்டி வீட்டுச் சாக்கெட் மாதிரியே. இப்போது பயண அடாப்டரில் சொருகி அரைக்கிறோம். கிரைண்டரைத் தொட்டால் சில நேரம் விரலில் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. மனைவி, செருப்புப் போட்டுக்கொண்டுதான் மாவு அள்ளுகிறார். அடாப்டர் மோசமா, கிரைண்டர் மோசமா?

---

பழைய வயர்மேன்

தம்பி, முதலில் அந்தக் கிரைண்டரை நிறுத்துங்கள். இன்றைக்கு மாவு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், தேக்காவில் கிடைக்கும்.

இந்தியாவில் இன்றும் புழங்கும் 6 ஆம்ப், 16 ஆம்ப் பிளக்குகள் இதே பிஎஸ் 546இன் 5, 15 வழியில் வந்தவைதான். அதனால்தான் பாட்டி வீட்டுச் சாக்கெட் உங்களுக்குச் சொந்த ஊர் மாதிரித் தெரிகிறது. வோல்ட் ஒன்றே, இரண்டு நாட்டிலும் 230, 50 ஹெர்ட்ஸ். அதனால் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். பிரச்சினை எர்த்தில்தான். மலிவான பயண அடாப்டர்களில் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கும், அல்லது பித்தளையாக இருந்தும் உள்ளே எதோடும் சேர்ந்திருக்காது. எஃகு டிரம், ஈர மாவு, ஈரக் கை. எர்த் தவறவே கூடாத சாமான் வீட்டில் ஒன்று உண்டென்றால் அது கிரைண்டர்.

அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, உருண்டை பிளக்கை வெட்டி 13 ஆம்ப் பிளக் போட வேண்டும். ஆனால் அதற்கு முன் கிரைண்டரின் கசிவைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மோட்டாரில் ஈரம் இறங்கியிருக்கலாம். செருப்பு பரிகாரம் அல்ல. உங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருக்கும் என்று நினைக்கிறேன். டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சுவரில் இருக்கும் வெறும் பெட்டி. 30 மில்லி ஆம்ப் எர்த்துக்குக் கசிந்தால் அறுத்துவிடுவதற்குத்தான் அதை வைத்திருக்கிறோம்.

பியூஸ்: 150 வாட் கிரைண்டர் ஓடும்போது ஒரு ஆம்ப்கூட இழுக்காது. ஆனால் கல்லோடு மாவோடு புறப்படும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதனால் 5 ஆம்ப் போடுங்கள். 750 வாட் மிக்ஸி மூன்று ஆம்ப்புக்கு மேல் இழுக்கும், அதில் 3 போட்டால் சட்னி அரைபடும் நடுவில் போய்விடலாம். 5 இல்லையென்றால் 13. புதுப் பிளக் வாங்கினால் உள்ளே 13தான் இருக்கும், விசிறிக்கும் விளக்குக்கும் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

---

சுங்கை ரோடு சேகரம்

பேரனுக்கு: டின்னில் இருப்பதைத் தயவுசெய்து குப்பையில் போட வேண்டாம். 2017 ஜூலை 10இல் மூடும்வரை சுங்கை ரோடு சந்தையில் பழைய பிளக், சுவிட்ச், பீங்கான் பியூஸ் எல்லாம் தரையில் துணி விரித்து விற்றார்கள். நான் சேர்த்தவற்றில் பெரும்பகுதி அங்கே வாங்கியதுதான். இப்போது அந்த மாதிரி ஓர் இடம் இல்லை. வீட்டை உடைக்கும்போது எல்லாம் லாரியில் போய்விடுகிறது.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்தால், செய்தவர் எதை யோசித்தார் என்று தெரியும். எம்கே என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1919இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். பின்னைப் பல பக்கமும் வில்போலப் பிடிக்கும் தொடுமுனை என்பதே அவர்களின் ஆரம்பக் கண்டுபிடிப்பு, பெயரும் அதிலிருந்துதான் (மல்டி கான்டாக்ட்). ஒரு நல்ல பழைய சாக்கெட்டில் பிளக்கைச் செருகினால் அது இழுத்துப் பிடிப்பது விரலில் தெரியும்.

தோற்றுப்போன யோசனைகளும் உண்டு. இங்கிலாந்தில் டோர்மன் அண்ட் ஸ்மித் என்று ஒரு பிளக், போருக்குப் பின் வந்தது. அதில் லைவ் பின்னே, அதாவது கரண்டு வரும் பின்னே, பியூஸ். திருகி மாட்ட வேண்டும். இடம் மிச்சம், அழகு. ஆனால் நாள்பட அந்தப் பின் தானாகத் திருகு கழன்று, பிளக்கை இழுத்தால் பின் மட்டும் சாக்கெட்டிலேயே நின்றுவிடும், கரண்டோடு. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வடிவமும் தினம் இழுக்கும் கைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

சேகரிக்க எடுப்பவர்களுக்கு என் வழக்கம்: எந்த அடாப்டரையும் மின்சாரத்தில் மாட்டிச் சோதிப்பதில்லை. திருகாணியைக் கழற்றி, உள்ளே பார்த்து, துடைத்து, மறுபடி மூடி வைக்கிறேன். ஏதாவது பழைய பாயிண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் காரணம் தெரியாமல் மீன் வாடை வந்தால் அதைச் சமையலறையில் தேடாதீர்கள். சாக்கெட் பிளாஸ்டிக் சூடானாலும் அப்படித்தான் வாடை வரும்.

---

குவீன்ஸ்டவுன் பேரன்

எல்லாருக்கும் நன்றி. டின் பத்திரமாக இருக்கும், ஹோல்டர் அடாப்டரை மட்டும் தனியாக என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 5 ஆம்ப்தான். ரேடியோ பற்றி ஒரு கேள்வி. மரப்பெட்டி, வால்வு செட். பின் அட்டையில் ‘ஏசி/டிசி’ என்று அச்சடித்திருக்கிறது. வயரில் இரண்டே கம்பி, துணி சுற்றியது. மூன்று பின் பிளக்கை மாற்றிப் போட்டால் போதுமா?

---

சுங்கை ரோடு சேகரம்

போதாது. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சில ஊர்களில் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரம், சில ஊர்களில் ஏசி (திசை மாறி மாறி ஓடுவது). இரண்டிலும் ஓடும்படி செய்த செட்டுகளில் மின்மாற்றி கிடையாது. செட்டின் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டு நேராக மின்கம்பி ஒன்றோடு சேர்ந்திருக்கும். இரண்டு பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் சொருகலாம் அல்லவா? ஒரு பக்கம் சொருகினால் தட்டு நியூட்ரலில், அதாவது கரண்டு திரும்பும் கம்பியில், இருக்கும். மறுபக்கம் சொருகினால் தட்டு முழுவதும் லைவ். பாட்டியைக் காத்தது மரப்பெட்டியும், பேக்கலைட் குமிழும், பின் அட்டையும்தான். குமிழ் ஒன்று கழன்று உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் தொட்டால் அவ்வளவுதான். இந்தச் செட்டின் தட்டில் எர்த் கம்பியைக் கொண்டுபோய் இணைக்கவும் கூடாது, அது மின்கம்பியையே எர்த்தோடு சேர்ப்பதாகும்.

செட்டை வீட்டு மின்கம்பியிலிருந்து பிரித்துவைக்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றின் வழியாகத்தான் ஓட்ட வேண்டும். அதுவும் பழைய காகிதக் கெப்பாசிட்டர்களை மாற்றிய பிறகு. வருஷக்கணக்கில் தூங்கிய செட்டைத் திடீரென்று 230 வோல்ட்டில் எழுப்பினால் அவை வெடித்துப் புகையும். பின் அட்டை தொலைந்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். வால்வு ரேடியோ தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், தனிச்செய்தியில் எழுதுங்கள்.

---

ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்காரி

தம்பி, பாட்டிக்கு அந்த ரேடியோவில் என்ன கேட்க வேண்டுமாம்? தமிழ் வானொலி ‘ஒலி’யின் நிகழ்ச்சிதான் என்றால் இன்றைய சின்ன ரேடியோ ஒன்றைப் பழைய பெட்டியின் பின்னால் வைத்துவிடுங்கள். என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம். பெட்டி தன் இடத்தில் இருந்தது, பாட்டு கேட்டது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

---

குவீன்ஸ்டவுன் பேரன்

மின்பணியாளர் வந்து போனார். வயர்மேன் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. படுக்கையறைப் பாயிண்டின் எர்த் ஓட்டைக்கு வயர் வந்திருக்கிறது, ஆனால் சுவருக்குள் எங்கோ அறுந்திருக்கிறது. இத்தனை வருஷம் விசிறி எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கிறது. டிபி பெட்டியில் ஆர்சிசிபி இல்லை. அதை முதல் வேலையாகப் போட்டுவிட்டார், மற்ற வயரிங் சீரமைப்போடு சேர்த்து நடக்கும். 15 ஆம்ப் பாயிண்ட் பின்னாளில் போட்டதுதான், தனி வயர் நல்ல நிலையில் இருக்கிறது, அதை ஏர்கானுக்கே வைத்துக்கொள்கிறோம்.

பாட்டியிடம் பேசினேன். தலைமாட்டில் அதே உயரத்தில் புதிய 13 ஆம்ப் இரட்டைப் பாயிண்ட் வரும். பழுப்புச் சாக்கெட்டை வயர் எதுவும் இல்லாமல் அதன் பக்கத்திலேயே ஒரு பலகையில் பதித்துத் தரச் சொல்லியிருக்கிறார். தாத்தா கையால் திருகிய திருகாணியாம் அது. ரேடியோவுக்கு அக்கா சொன்ன வழிதான். ரெடிஃபியூஷன் பெட்டியையும் சுரண்டி எடுக்கப் போகிறேன்.

மிச்சம் விசிறி. இரும்பு உடம்பு, இரண்டு கம்பித் துணி வயர். மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. பாட்டி இதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

---

பழைய வயர்மேன்

விசிறியைக் காப்பாற்றலாம் தம்பி. மின்பணியாளர் மறுபடி வரும்போது கையில் கொடுங்கள், இப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

துணி வயரை முழுதும் எடுத்துவிட்டு 0.75 சதுர மிமீ மூன்று கம்பி வயர் போட வேண்டும். உடம்புக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் இரும்பு விளிம்பு உறையை அறுத்துவிடும், விசிறி தலையாட்டும்போது இன்னும் வேகமாக. பச்சை மஞ்சள் கம்பியை உடம்போடு சேர்க்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியவேண்டும். பெயிண்ட் மேல் திருகினால் அது எர்த் அல்ல. பிளக்கின் எர்த் பின்னுக்கும் விசிறிக் கூண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மோட்டார் சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்றும் மெகர் என்ற கசிவுச் சோதனை மீட்டர் வைத்துப் பார்க்கட்டும்.

பிளக்கில் பழுப்புக் கம்பி பியூஸ் பக்கம், நீலம் மறுபக்கம். எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடச் சொல்லுங்கள், யாராவது வயரை வெடுக்கென்று இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்கும். பிடிப்பான் வெளி உறையைக் கவ்வ வேண்டும், கம்பிகளை அல்ல. பியூஸ் 3 ஆம்ப், சிவப்பு நிறம். ஜாலான் புசார் பக்கம் மின்சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், உதிரியாகக் கிடைக்கலாம்.

கூண்டின் கம்பி இடைவெளி அந்தக் கால விசிறியில் அகலமாக இருக்கும், இறக்கையும் இரும்பு. பிள்ளைகள் வரும் நாளில் அதை அலமாரி மேல் ஏற்றிவிடுங்கள்.